சிறை தண்டிக்கவா, திருத்தவா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சட்ட உதவி மையத்திலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியிலும் சரி, நான் சிறைகளுக்குப் போய் வருகிறவன் என்று தெரிந்ததும் ஆட்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். பாதிப் பதிலிலேயே பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சிறைகளை வைத்துத்தான் பேசுகிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

தப்பு செஞ்சவனை உள்ளே போடுறதே தண்டிக்கத்தானே? இதுல திருத்துறதுன்னு எங்கேர்ந்து வந்துச்சு?

தண்டிக்கத்தான். ஆனால் அந்தத் தண்டனை எது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். நீதிபதி தீர்ப்பில் ஏழு ஆண்டு சிறை என்று எழுதுகிறார். அடி வாங்க வேண்டும், புழுத்த அரிசி தின்ன வேண்டும், காய்ச்சலுக்கு மாத்திரை கிடைக்கக் கூடாது என்றெல்லாம் எழுதுவதில்லை. பிள்ளைகளை விட்டு, நினைத்த நேரத்தில் தெருமுனைக்குப் போய் ஒரு டீ குடிக்க முடியாமல் ஏழு வருடம் கிடக்க வேண்டும், அதுதான் தண்டனை. அந்த ஏழு வருடத்தில் அந்த ஆளை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. திருத்தம் என்ற பேச்சு அங்கேதான் வருகிறது.

பிரிட்டிஷ்காரர்கள் போட்ட 1894-ஆம் வருடச் சிறைச் சட்டம் பூட்டு, காவல், ஒழுங்கு ஆகியவற்றைத்தான் பெரிதாகப் பேசியது. 1970-களின் கடைசியில் நீதிபதி கிருஷ்ணய்யர் போன்றவர்கள் உச்ச நீதிமன்றத்தில் இருந்த காலத்தில் பார்வை மாறியது. சிறைக்குள் போனாலும் அடிப்படை உரிமைகள் வாசலோடு நின்றுவிடாது என்று 1978-ல் சுனில் பத்ரா வழக்கில் தீர்ப்பு வந்தது. சிறை மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். 2023-ல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டம் எழுதி மாநிலங்களுக்கு அனுப்பியது. அதன் பெயரிலேயே சீர்திருத்தப் பணி என்று இருக்கிறது. நம் துறையின் பெயரும் ‘சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை’தான். பலகையில் எழுதியிருப்பது உள்ளே எவ்வளவு நடக்கிறது என்பதைக் கீழே பார்ப்போம்.

ஜெயில்ல இருக்கிறவன் எல்லாம் குற்றவாளிதானே?

இல்லை. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி விவாதம் மாறிவிடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நான்கில் மூன்று பேர். இவர்கள் மேல் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. நாளைக்கே விடுதலையாகிறவர்களும் இதில் உண்டு. இடமும் போதவில்லை. நாடு முழுக்கச் சேர்த்தால், 100 பேருக்குக் கட்டிய இடத்தில் 131 பேர் இருந்தார்கள்.

இவர்களைத் தண்டிப்பதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை. குற்றவாளி என்றே முடிவாகாததால் திருத்துவதற்கும் வழியில்லை. தொழிற்பயிற்சி, வேலை எல்லாம் பெரும்பாலும் தண்டனைக் கைதிகளுக்குத்தான். விசாரணைக் கைதி சும்மா உட்கார்ந்திருப்பார், அல்லது பக்கத்தில் படுத்திருப்பவரிடம் எதையாவது கற்றுக்கொள்வார். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே இருப்பவர்களைக் கிளைச் சிறையில் அடிக்கடி பார்க்கலாம்.

உங்கள் வீட்டு ஆள் யாராவது இப்படி இருந்தால்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 479-ஆம் பிரிவு, அந்தக் குற்றத்துக்கான உச்சபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே கழித்துவிட்டவரை ஜாமீனில் விடச் சொல்கிறது. முதல்முறை வழக்கென்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.

கடுங்காவல்னா கல் உடைக்கணுமா? செக்கு இழுக்கணுமா?

கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்த கதை நம் மனதில் ஆழமாகப் பதிந்திருப்பதால் வரும் கேள்வி இது. இன்றைக்குக் கடுங்காவல் என்றால் வேலை செய்ய வேண்டிய சிறை, அவ்வளவுதான். கோவையில் நெசவு, வேலூரில் காவலர்களுக்கான ஷூ, சில சிறைகளில் அரசு அலுவலகங்களுக்கான ஃபைல் அட்டை, பேக்கரி என்று வேலைகள் இருக்கின்றன. புழல், வேலூர் போன்ற ஊர்களில் சிறைத்துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து நடத்தும் ‘ஃப்ரீடம்’ பெட்ரோல் பங்கில் நீங்களே பெட்ரோல் போட்டிருக்கலாம். பம்ப்பைப் பிடித்திருந்தவர் தண்டனைக் கைதி என்று தெரிந்திருக்காது. சிங்காநல்லூரிலும் சிவகங்கை மாவட்டத்துப் புரசடை உடைப்பிலும் திறந்தவெளிச் சிறைகள் உண்டு. நன்னடத்தை பார்த்து அனுப்புவார்கள், விவசாய வேலை.

வேலைக்குக் கூலி உண்டு. நியாயமான கூலி தர வேண்டும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிடித்தமெல்லாம் போகக் கையில் நிற்பது குறைவு என்பது வேறு விஷயம்.

வேலை என்றாலே திருத்தம் என்றும் நினைக்க வேண்டாம். 2024-ல் வேலூரில் ஓர் ஆயுள் கைதியைச் சிறை உயரதிகாரி வீட்டு வேலைக்குப் பயன்படுத்தி, திருட்டுப் பழி சொல்லி அடித்ததாகப் புகார் எழுந்து, உயர் நீதிமன்றம் வரை போய், சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது. எந்த வேலை, யாருக்காக, வெளியே வந்தால் அந்த வேலை சோறு போடுமா என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

உள்ளே கோழிக்கறி, டி.வி.ன்னு ஜாலியாத்தானே இருக்கானுங்க? நம்ம வரிப்பணம்தானே?

கோழிக்கறி போடுவது உண்மை. டி.வி.யும் உண்மை. சந்தேகம் இருந்தால் ஒருமுறை யாரையாவது மனு போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். வரிசையில் நின்று, பையைச் சோதனை கொடுத்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சொல்வது பக்கத்தில் கத்துகிறவர்கள் சத்தத்தில் காதில் விழாமல், நேரம் முடிந்தது என்று வார்டர் சொல்ல, திரும்பி வருவீர்கள். பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்கு பரோல் கிடைக்குமா என்று கடைசி நாள் வரை தெரியாமல் தவிக்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கறி பெரிய விஷயமில்லை.

காசுள்ளவனுக்கு உள்ளேயும் தனிக் கவனிப்பு கிடைக்கிறது என்று கோபப்பட்டால் அது நியாயமான கோபம். நம் விதிகளிலேயே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு இருக்கிறது. படிப்பையும் வெளியில் வாழ்ந்த வசதியையும் பார்த்து உள்ளே வகுப்புக் கொடுக்கிற பழக்கத்தை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. கோபத்தை அங்கே காட்டினால் பயனுண்டு. எல்லாருக்கும் பொதுவாக ஊற்றும் சாம்பார் மேல் காட்டி என்ன ஆகப்போகிறது?

சரி, கொன்னவனுக்குப் படிப்பு, வேலை, கூலி. செத்தவன் குடும்பத்துக்கு என்ன கொடுத்தீங்க?

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லாமல் திருத்தத்தைப் பற்றிப் பேச யாருக்கும் தகுதியில்லை. கேட்டவர் அண்ணனைப் பறிகொடுத்தவர். அவரிடம் மனித உரிமைப் பாடம் நடத்த முடியாது.

சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன். மேலே சொன்ன 1998 தீர்ப்பு, கைதியின் கூலியில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒதுக்க வழி செய்யச் சொன்னது. தமிழ்நாட்டிலும் அப்படிப் பிடிக்கிறார்கள். இது தவிர, பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் 2009 முதல் சட்டத்தில் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வேண்டும். குற்றவாளி யார் என்றே கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் மனுக் கொடுக்கலாம். பலருக்கு இது தெரியாது. காவல் நிலையத்தில் யாரும் எடுத்துச் சொல்வதும் அபூர்வம். கொலையில் குடும்பத்தின் சம்பாத்தியமே போயிருக்கும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அலையும் மனைவிக்கு இந்தத் தகவல் போய்ச் சேர்வதே இல்லை.

என் மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நம் அமைப்பு ஏறக்குறைய எதுவும் செய்யாததால், அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க எதிராளியின் துன்பம் ஒன்றுதான் மிச்சமிருக்கிறது. அவன் உள்ளே கஷ்டப்படுகிறான் என்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே இழப்பீடு. இழப்பீடு நேரத்துக்கு வந்து, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று யாராவது போன் செய்து சொல்லி, அவனை விடுவிப்பதற்கு முன் இவர்களையும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாக் கோபமும் போய்விடும் என்று சொல்லவில்லை. கொஞ்சம் போயிருக்கும்.

ஆயுள் தண்டனைன்னா 14 வருஷம்தானே?

ஆயுள் என்றால் ஆயுள்தான், மூச்சு இருக்கும் வரை. 1961-லேயே கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 14 என்ற எண் வந்தது வேறு வழியில். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, குறைந்தது 14 வருடம் உள்ளே கழிக்காமல் அரசு தண்டனைக் குறைப்பில் விடக் கூடாது என்று 1978-ல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். விடுவிப்பதற்கான கீழ் எல்லை அது. ஊரில் அதையே மேல் எல்லை ஆக்கிவிட்டார்கள். 14 முடிந்தால் கதவு தானாகத் திறக்காது. அரசு பரிசீலிக்க வேண்டும், மறுக்கவும் செய்யலாம். பல வழக்குகளில் இன்னும் கடுமையாக, 20 வருடம், 30 வருடம், அல்லது சாகும்வரை குறைப்பே கூடாது என்று நீதிமன்றமே போட்டுவிடுகிறது. 2008-ல் சிரத்தானந்தா வழக்கில் தொடங்கியது இது.

அப்புறம் ஏன் அண்ணா பிறந்தநாளுக்கு மொத்தமா விடுறாங்க?

அரசியலமைப்பின் 161-ஆம் பிரிவு ஆளுநர் பெயரில் மாநில அரசுக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. 2008-ல் அண்ணா நூற்றாண்டையொட்டி 1,405 ஆயுள் கைதிகள் விடப்பட்டார்கள். அதற்குப் பிறகும் தலைவர்கள் நூற்றாண்டு, பிறந்தநாள் என்று நடந்திருக்கிறது.

நீண்ட காலம் உள்ளே இருந்தவர்களை விடுவது சரி என்று நினைக்கிறவன் நான். ஆனால் நாள் குறிப்பது தலைவர்களின் பிறந்தநாளாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் திருந்தியிருக்கிறாரா என்பது அவரவர் கோப்பைப் பார்த்து, நன்னடத்தை அலுவலர் அறிக்கையைப் பார்த்து, எதிர்த்தரப்புக் குடும்பத்தின் பயத்தையும் கேட்டு முடிவு செய்ய வேண்டியது. கட்டாகக் கையெழுத்துப் போடும்போது யார் உள்ளே நுழைகிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்பதில் அரசியல் புகுந்துவிடுகிறது. குஜராத்தில் பில்கிஸ் பானு கூட்டுப் பாலியல் வன்முறை வழக்கின் 11 பேரை 2022 சுதந்திர தினத்தன்று விட்டார்கள். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, திரும்ப உள்ளே போகச் சொன்னது. குஜராத் அரசுக்கு அவர்களை விட அதிகாரமே இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம், ஏனென்றால் வழக்கு நடந்தது மகாராஷ்டிரத்தில்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் 1991-ல் கைதானார். உள்ளேயிருந்து பிளஸ் டூ எழுதி 1,096 மதிப்பெண் வாங்கினார், மேலே மேலே படித்தார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது சிறையில் அவரது நடத்தையும் படிப்பும் கணக்கில் வந்தன. வழக்கைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். உள்ளே ஒருவர் என்ன செய்தார் என்பதை யாரோ எழுதி வைத்து, யாரோ படித்துப் பார்த்தார்கள் அல்லவா, அது எல்லாருக்கும் நடக்க வேண்டும்.

உள்ளேயும் சாதி பார்த்துத்தான் அடைக்கிறாங்களாமே? அது என்ன திருத்துற இடம்?

பாளையங்கோட்டையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. தனித்தனிச் சாதிக்குத் தனித்தனித் தொகுதி என்று நடந்ததை, மோதல் வராமல் தடுக்க என்று அதிகாரிகள் நியாயப்படுத்தி வந்தார்கள். 2024 அக்டோபர் 3-ஆம் தேதி சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைக்குள் சாதிவாரியாக வேலை பிரிப்பதும் அடைப்பதும் அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. பதிவேட்டில் சாதிப் பத்தியையே நீக்கச் சொன்னது. பாளையங்கோட்டை அந்தத் தீர்ப்பில் பெயரோடு வருகிறது.

சாதிச் சண்டையில் வெட்டிவிட்டு வந்தவனை அதே சாதி ஆட்களோடு ஐந்து வருடம் அடைத்து வைத்தால் என்னவாக வெளியே வருவான் என்று நெல்லைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சின்னப் பசங்க ஒரு செயின் கேஸ்ல உள்ளே போறான், வரும்போது ரவுடியா வர்றானே?

வருகிறான். தண்டனையை மட்டும் நம்பும் முறையின் மிகப் பெரிய தோல்வி இதுதான். பதினெட்டு வயதுப் பையனை ரிமாண்டில் பெரிய ஆட்களோடு போட்டால், அவனுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டியிருக்கும். அதை உள்ளேயிருக்கும் கோஷ்டி கொடுக்கும். சோப்பு, பீடி, வக்கீல் செலவு வரை பார்த்துக்கொள்வார்கள். வெளியே வந்ததும் அந்தக் கடனைக் கேட்பார்கள்.

இது தெரிந்துதான் மதராஸ் மாகாணத்தில் 1925-லேயே பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இளைஞர்களைத் தனியே வைத்துப் படிப்பும் தொழிலும் கொடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: 21 வயதுக்குக் கீழே இருந்து, குற்றம் ஆயுள் தண்டனைக்குரியதாக இல்லாவிட்டால், நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பவே கூடாது, அனுப்பினால் ஏன் என்று எழுதி வைக்க வேண்டும். இவ்வளவு நல்ல சட்டத்தை வக்கீல்களே பல நேரம் கேட்பதில்லை. உங்கள் பையன் வழக்கென்றால் நீங்கள் வக்கீலிடம் கேளுங்கள். 2024 ஜூலையிலிருந்து சமூக சேவையும் ஒரு தண்டனையாக வந்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு, முதல்முறை, பொருளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் அது பொருந்தும்.

குண்டாஸ்ல போட்டா திருந்த மாட்டானா?

குண்டாஸ் தண்டனையே கிடையாது. 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இனிமேல் எதுவும் செய்துவிடாமல் இருக்க ஒரு வருடம் வரை தடுத்து வைப்பது, அவ்வளவுதான். இப்படி உள்ளே இருப்பவர்கள் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசை. தண்டிக்கவும் முடியாது, திருத்தவும் வழியில்லை என்று இரண்டாம் கேள்வியில் சொன்ன அதே சிக்கல் இங்கேயும் உண்டு.

நார்வே மாதிரி பண்ணினா நம்ம ஊர்ல எடுபடுமா?

நார்வேயின் ஹால்டன் சிறைப் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்: தனி அறை, சமையல் கூடம், சுற்றிலும் மரங்கள். அங்கே விடுதலையானவர்களில் இரண்டு வருடத்துக்குள் மறுபடி தண்டனை பெறுவது ஏறக்குறைய 20 சதவீதம். அமெரிக்காவில் 30 மாநிலங்களில் 2005-ல் வெளியே வந்தவர்களை ஆராய்ந்தபோது மூன்று வருடத்துக்குள் 68 சதவீதம் பேர் மறுபடி கைதாகியிருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆச்சரியப்படுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். ஒன்று தண்டனைக் கணக்கு, மற்றது கைதுக் கணக்கு, வருடமும் வேறு. வித்தியாசம் இருப்பது நிஜம், ஆனால் எண்கள் காட்டுகிற அளவுக்கு இருக்காது.

மொத்தமே ஏறக்குறைய 3,000 கைதிகள் உள்ள நாட்டின் கட்டடங்களை நாம் நகலெடுக்க முடியாது. அங்கே சிறை அலுவலர் ஆவதற்கு இரண்டு வருடம் படிக்க வேண்டும். கட்டடத்தை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம். நம் வார்டர்களின் பயிற்சியும் வேலை நேரமும் மாறாமல் உள்ளே எதுவும் மாறாது. செலவில்லாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. நம் சிறைத்துறை 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்று அரங்கு போட்டுச் சிறை நூலகங்களுக்குப் புத்தகம் கேட்டது. ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

குழந்தையைச் சீரழிச்சவனையும் திருத்தணும்னு சொல்வீங்களா?

எல்லாரும் திருந்துவார்கள் என்று நான் சொல்லவில்லை. தண்டிப்பது, திருத்துவது இரண்டையும் தவிரச் சிறைக்கு மூன்றாவது வேலை ஒன்று உண்டு. வெளியே விட்டால் ஆபத்து என்கிற ஆளை வெளியே விடாமல் வைத்திருப்பது. ஆயுள் தண்டனைக் கேள்வியில் சொன்ன, குறைப்பில்லாத தண்டனைகள் அதற்குத்தான். நார்வேயிலும் சாதாரண உச்சத் தண்டனை 21 வருடம் என்றாலும், ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கொண்டே போகலாம்.

தூக்கில் போட்டால் என்ன என்பது அடுத்து வரும். மரண தண்டனை விதிக்கும் முன் ஆள் திருந்த வாய்ப்பே இல்லையா என்று பார்க்க வேண்டும் என 1980-ல் பச்சன் சிங் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நடந்தது 1995-ல் சேலம் சிறையில், ஆட்டோ சங்கருக்கு. அந்தத் தூக்கைப் பார்த்துப் பயந்து இங்கே யாரும் அரிவாளைக் கீழே போட்டதாக எனக்குத் தெரியவில்லை. குற்றம் செய்யப் போகிறவன் எந்தப் பிரிவில் எத்தனை வருடம் என்று பார்ப்பதில்லை, மாட்டுவோமா என்றுதான் பார்க்கிறான். பத்து வருடம் இழுக்கும் வழக்கு அவனுக்கு என்ன பயத்தைக் கொடுக்கும்?

எங்க தெருப் பையன் உள்ளே போயிட்டு வந்து எங்க பட்டறையில வேலை கேக்குறான். கொடுக்கலாமா?

தாராளமாக. தனியார் பட்டறையில் இப்படி ஒருவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. வெளியே வந்த முதல் சில மாதங்கள்தான் எதையும் முடிவு செய்கின்றன. அந்த நேரத்தில் வேலை கொடுப்பவர் இல்லாவிட்டால், மேலே சொன்ன கோஷ்டி கொடுக்கும்.

சேர்க்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். வழக்கு முடிந்துவிட்டதா, ஜாமீனில் இருக்கிறானா? ஜாமீன் என்றால் ஸ்டேஷனில் கண்டிஷன் கையெழுத்து எத்தனை மணிக்கு? அது பெரும்பாலும் காலை பத்து, பத்தரை என்றிருக்கும். அதற்கேற்ப வேலை நேரத்தைத் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் கையெழுத்துத் தவறி மறுபடி உள்ளே போவான். வாய்தா தேதிகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அன்றைக்கு லீவு கொடுத்தே ஆக வேண்டும்.

ஆரம்பத்தில் கல்லாப்பெட்டியைக் கொடுக்க வேண்டாம். இது எந்தப் புது ஆளுக்கும் பொருந்தும் யோசனைதான். மற்ற ஆட்களிடம் அவன் கதையை நீங்கள் சொல்ல வேண்டாம், அவனே சொல்லிக்கொள்ளட்டும். அப்புறம் முக்கியமாக, வருகைப் பதிவேட்டில் வந்த நேரம், போன நேரம் எழுதி தினமும் கையெழுத்து வாங்குங்கள், சம்பளத்தை வங்கியில் போடுங்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பைக் காணாமல் போனால் போலீஸ் முதலில் தேடி வருவது பழைய கேஸ் ஆளைத்தான். அன்றைக்கு ராத்திரி எட்டு மணி வரை அவன் உங்கள் பட்டறையில் இருந்தான் என்று காட்ட அந்த நோட்டு இருக்க வேண்டும்.